யார் தோளுக்கு அளந்த துப்பாக்கி?

சட்டைக்கு அளவெடுப்பதுண்டு, செருப்புக்கு அளவெடுப்பதுண்டு, மூக்குக் கண்ணாடிக்குக்கூட அளவெடுப்பதுண்டு. துப்பாக்கிக்கும் ஆள் பார்த்து அளவெடுப்பார்கள் என்னும் விஷயம், பட்டம் பெற்று, பல வருஷம் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, நாற்பது வயதும் கடந்த பிறகுதான் நமக்குத் தெரியவந்தது. தெரியவந்த இடம் குன்னூர். சந்தர்ப்பம், நம் நண்பர் ஒருவருக்கு ஏற்பட்ட தர்மசங்கடம்.

நண்பர், நம் பள்ளியிலேயே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2020-ஆம் வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை நம்மைத் தேடி வந்தார். குடையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, "ஸார், மூன்றில் ஒன்றைக் கழிக்க வேண்டும். எதைக் கழிப்பது என்று தெரியவில்லை" என்றார். கணக்கு வாத்தியாருக்கே கழித்தல் தெரியவில்லை என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டோம்.

விஷயம் இதுதான். அவருடைய பாட்டனார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். 1947-க்குப் பிறகு துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். போகிறபோது சிலர் பியானோவை விற்றார்கள். சிலர் வளர்த்த நாயைச் சமையற்காரரிடம் விட்டுச் சென்றார்கள். மூன்று துரைமார்கள் தங்கள் வேட்டைத் துப்பாக்கிகளை இந்தக் கிளார்க்கிடம் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாட்டனார் பேரிலிருந்து தகப்பனார் பேருக்கும், அங்கிருந்து நண்பர் பேருக்கும் லைசென்ஸ் மாறி வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த சட்டத்தை 2019-ஆம் வருஷக் கடைசியில் திருத்தி, இரண்டுக்கு மேல் கூடாது என்றார்கள். மிகுந்ததை ஒரு வருஷத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். பரம்பரைச் சொத்தாக வந்ததற்கும் அதே கணக்குத்தான்.

"நீங்கள் புத்தகம் படிக்கிறவர். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார் நண்பர்.

நாம் ஆயுளில் சுட்டது அப்பளம் ஒன்றைத்தான். ஆயினும் புத்தகத்தைக் காட்டிப் பேசுகிறவரிடம் மறுப்புச் சொல்ல எந்த வாத்தியாருக்கும் மனம் வராது. பத்து நாள் தவணை வாங்கிக்கொண்டு படித்தோம். பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனோம்.

* * *

கூடத்தில் பாய் விரித்து, மூன்று பெட்டிகளையும் வரிசையாக வைத்திருந்தார் நண்பர். அவருடைய தாயார், எண்பத்து நான்கு வயதானவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியார் தம்பி, பார்த்தால் அழகாய்த்தான் இருக்கும். தூக்கினால்தான் கனம் தெரியும்" என்றார்.

முதற் பெட்டியில் இருந்தது லண்டன் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் கம்பெனியாரின் 'ராயல்' என்னும் இரட்டைக் குழல் ரைபிள். புகையிலை வியாபாரியாக இருந்த ஹாரிஸ் ஹாலண்ட் என்பவர் 1835-இல் தொடங்கிய கம்பெனி அது. இரண்டாவது, பர்மிங்ஹாமில் 1812-இல் பிறந்த வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியார் செய்தது; அதுவும் இரட்டைக் குழல்தான். மூன்றாவது, டப்ளின் நகரில் தொடங்கிப் பின்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஜான் ரிக்பி கம்பெனியாரின் ஒற்றைக் குழல் ரைபிள். முதலிரண்டும் ஏறக்குறைய ஐந்து கிலோ கனம். மூன்றாவது மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கும்.

இத்தகைய ரைபிளைக் கடையில் போய் அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்குவதில்லை. வாங்குகிறவர் முதலில் அளவு கொடுக்க வேண்டும். எங்கு வேண்டுமானாலும் நீட்டவும் வளைக்கவும் கூடிய ஒரு போலித் துப்பாக்கியை அவர் தோளில் வைத்துப் பார்ப்பார்கள். கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு உயரம், தோள் எவ்வளவு அகலம், எந்தக் கண்ணால் குறி பார்க்கிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்வார்கள். அந்த அளவுக்கு வால்நட் மரத்தில் பின்கட்டையைச் செதுக்குவார்கள். ரைபிளைத் தூக்கித் தோளில் பொருத்திய அந்தக் கணமே கண்ணும் குறியும் நேர்கோட்டில் வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும். பத்தடி தூரத்தில் காட்டெருமை தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவரும்போது, கன்னத்தை நகர்த்திச் சரிசெய்துகொள்ள அவகாசம் ஏது?

இரட்டைக் குழலின் நியாயமும் அதுவே. ஒரு கட்டையில் இரண்டு குழல், இரண்டு பொறி, இரண்டு விசை. அதாவது இரண்டு துப்பாக்கிகள். ஒன்று வெடிக்காவிட்டால் மற்றொன்று உடனே வெடிக்கும். ஆனால் இரண்டு குழல்களையும் ஒரே இடத்தில் சுடும்படி இணைப்பது லேசான காரியமன்று. வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் குண்டுகள் ஆளுக்கொரு திசையில் போகும். ஆகவே தொழிலாளி குழல்களை ஈயப்பற்று வைத்து இணைத்துச் சுட்டுப் பார்ப்பான், பற்றை இளக்கி நடுவிலுள்ள சிறு ஆப்பை மயிரிழை நகர்த்துவான், மறுபடியும் சுடுவான். இரண்டு குண்டுகளும் குறித்த தூரத்தில் ஒன்றாகச் சேரும்வரை இப்படியே செய்துகொண்டிருப்பான். இந்த வேலைக்கு யந்திரம் கிடையாது; கையும் கண்ணும்தான். அப்படிச் செய்து முடித்த ரைபிள், எந்தத் தோட்டாவை வைத்துச் சரிபார்த்தார்களோ அந்தத் தோட்டாவுக்கு மட்டுமே விசுவாசமாக இருக்கும்.

* * *

இனி வித்தியாசங்களைப் பார்ப்போம். ஹாலண்ட் ரைபிளில் பொறிகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகத் தகடுகளின் உட்புறம் பொருந்தியிருக்கின்றன. தற்செயலாக அதிர்ந்தாலும் வெடித்துவிடாதபடி தடுக்கும் கூடுதல் கொக்கி ஒன்று உள்ளே உண்டு. தகடு அகலமாக இருப்பதால் சிற்ப வேலைக்கு இடமும் உண்டு; நண்பர் வீட்டு ரைபிளில் செதுக்கியிருந்த இலைக்கொடியை நம் கோயில் ஸ்தபதி பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்.

வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியாரின் வழி வேறு. அவர்களிடம் வேலை பார்த்த ஆன்ஸன், டீலி என்னும் இருவர் 1875-இல் ஒரு புதிய பொறியைக் கண்டுபிடித்தார்கள். உறுப்புகள் மிகக் குறைவு. பக்கத் தகடு கிடையாது. எல்லாம் நடுப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பிறகு 1897-இல் அதையே கையாலேயே கழற்றும்படி செய்தார்கள். அடிப்புறத்து மூடியைத் திறந்தால் பொறி கையில் வந்துவிடும், திருப்புளி தேவையில்லை. நடுக்காட்டில் பொறி பழுதானால் வேறொன்றை மாட்டிக்கொண்டு வேட்டையைத் தொடரலாம். ஹாலண்டாரும் பின்னால் தம் பக்கத் தகடுகளை விரலால் கழற்றும்படி ஒரு சிறு நெம்பு வைத்தார்கள். ஹாலண்டில் நேர்த்தி அதிகம். வெஸ்ட்லியில் எளிமை அதிகம். சுடுகிற காரியத்தில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு சொல்வதற்கில்லை என்பதே நாம் படித்தறிந்த அபிப்பிராயம்.

ரிக்பியின் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குழலும் கட்டையும் ரிக்பியாருடையவை; உயிர்நாடியான பொறியோ ஜெர்மனியில் ஓபர்ன்டார்ப் என்னும் ஊரிலுள்ள மௌஸர் தொழிற்சாலையில் செய்தது. தோட்டாவும் ஜெர்மானியரின் ஏழு மில்லிமீட்டர் தோட்டாவே. அதற்கு .275 என்று ஆங்கில அங்குலத்தில் பேர் சூட்டி, சீமைச் சரக்காக்கிவிட்டார்கள். சம்பாவத்துப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்கு வெள்ளித் தகடு பதித்துப் பரிசாகக் கொடுத்தது இந்த வகை ரைபிளைத்தான். அந்த ரைபிளை 2015-இல் ரிக்பி கம்பெனியாரே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் புலியின் மேல் பாய்ந்த கடைசிக் குண்டு கார்பெட்டின் சொந்த ரைபிளிலிருந்துகூட வந்ததன்று. அவருடைய தோட்டாக்கள் தீர்ந்துபோய், கூட இருந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். தாசில்தார் துப்பாக்கியைச் செய்த கம்பெனியின் பேரை யாரும் விளம்பரம் செய்வதில்லை!

* * *

படித்துக்கொண்டிருந்தபோது நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்த விஷயம் வேறொன்று. ஹாலண்ட் ரைபிளின் குழல்வாய் அளவு .465, வெஸ்ட்லியினது.476. அதே காலத்தில் வேறு கம்பெனிகள் .470 என்றும் .475 என்றும் செய்தன. முன்பு எல்லோரும் .450 என்று ஒழுங்கான எண்ணில் செய்துகொண்டிருந்தவர்கள், திடீரென்று இப்படி முட்டிமோதிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து எண்களில் போய் விழுவானேன்?

காரணம் நம் தேசந்தான். பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைபிளின் அளவும் .450. அந்த அளவுத் தோட்டா வேட்டைக்கென்று இறக்குமதியாகி, தவறான கைகளுக்குப் போய்விட்டால்? தவறான கை என்றால் நம்முடைய கை என்று பொருள். 1907-இல் .450 அளவு ரைபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வரக்கூடாதென்று தடை விதித்தார்கள். இந்திய வியாபாரத்தை இழக்க மனமில்லாத லண்டன், பர்மிங்ஹாம் கம்பெனிகள் ஆளுக்கொரு புது அளவைக் கண்டுபிடித்தன. பெரிய வேட்டை ரைபிள்களின் அளவுகளையே மாற்றியமைத்தது, இந்தியனைக் கண்டு சர்க்கார் கொண்ட பயம்.

அந்தப் பயம் அதற்கு முன்பே சட்டமாகியிருந்தது. லிட்டன் பிரபு கொண்டுவந்த 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும்; வெள்ளையருக்கு வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள குடகு நாட்டாருக்கு விலக்களித்தார்கள், மற்றவர்களுக்கு இல்லை. 1930-இல் காந்தியடிகள் இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சையைப் போதித்தவர் அதைக் கேட்டார் என்றால், ஜனங்கள் மனத்தில் அந்த அவமானம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நம்மவருக்குத் துப்பாக்கி செய்யத் தெரியாமலில்லை. நீலகிரிக்கு வடக்கே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கொல்லர்கள் புலிவரி இழைத்துச் செய்த துப்பாக்கிகளை, 1799-இல் அவன் மாண்டபின் வெற்றி பெற்றவர்கள் பொக்கிஷமாக எடுத்துச் சென்றார்கள். பீகாரில் முங்கேர் நகரத்துக் கொல்லர்கள் மீர் காசிம் காலத்திலிருந்து இத்தொழிலைக் கைவிடவில்லை. கைத்திறன் இங்கேயும் இருந்தது. ஆர்டர் கொடுக்கும் உரிமைதான் நமக்கு இல்லாமற் போயிற்று.

இன்னொரு விஷயமும் குன்னூர்க்காரர்களுக்குச் சொந்தமானது. பழைய காலத்துக் கருமருந்துத் துப்பாக்கிகள் பீரங்கிபோல் இருக்கும். இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி வேட்டையாடிய சாமுவேல் பேக்கருக்குப் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்துகொடுத்த ரைபிளின் எடை 21 ராத்தல். புகையில்லாத கார்டைட் மருந்து வந்த பிறகுதான் குழல் சிறுத்து, கனம் பாதியாயிற்று. ஆனால் சீமையின் குளிரில் அளந்து போட்ட கார்டைட், நம் நாட்டு வெயிலில் அதிக உக்கிரத்தோடு வெடித்தது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு குழலுக்குள்ளேயே இறுகி ஒட்டிக்கொண்டது. ஆகவே உஷ்ண தேசத்துக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள். குன்னூரில் கம்பளி போர்த்திக்கொண்டு புறப்படுகிற துரை, இரண்டு மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்து வெயிலில் நிற்பார் அல்லவா? அந்தக் கார்டைட்டை ராணுவத்துக்காகச் செய்ய, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் தொழிற்சாலை கட்டினார்கள். இன்றும் அதன் சங்கொலி கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. மருந்து செய்தவர்கள் நம் ஜனங்கள். அதை நிரப்பிச் சுடுவதற்குத்தான் வேறு தோள் வேண்டியிருந்தது.

* * *

நண்பர் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பழைய போட்டோ தொங்குகிறது. ஹாலண்ட் ரைபிளை விற்றுப்போன துரை, செத்த காட்டெருமையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். கீழே அவர் பேரும் தேதியும் மையினால் எழுதியிருக்கின்றன. அவருக்குப் பின்னால், இடுப்பில் ஒரு துண்டும் தோளில் இரண்டாவது ரைபிளுமாக, ஒல்லியான ஓர் ஆள் நிற்கிறான். குறும்பரோ இருளரோ, தெரியாது, பேர் எழுதவில்லை. அடிச்சுவடு பார்த்துக் காட்டுக்குள் வழிகாட்டியவன் அவன்தான். விடியற்காலையிலிருந்து அந்த ஐந்து கிலோ கனத்தை மலை ஏறியும் இறங்கியும் சுமந்தவனும் அவன்தான். துரையின் தோளில் அந்த ரைபிள் இருந்தது ஒரு நாளில் சில நிமிஷங்கள். இவன் தோளில் இருந்தது நாள் முழுவதும். ஆனால் இவன் தோளை யாரும் அளவெடுக்கவில்லை.

வேட்டையாடியவர்களே 1879-இல் நீலகிரிக்கென்று வேட்டைச் சட்டம் ஒன்றையும் வரச் செய்தார்கள். இன்ன மாதங்களில் சுடக்கூடாது, சுடுவதற்குச் சீட்டு வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மிருகங்களுக்கு அதனால் ஓரளவு நன்மை உண்டாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் தன் காட்டில் அன்னியனாகிப் போனான் என்பதும் உண்மை. சுதந்திர இந்தியாவின் 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வேட்டையையே முடித்துவைத்தது. வேட்டைக்காரர்களிலும் மனம் மாறியவர்கள் உண்டு. நீலகிரியில் வாழ்ந்த வழக்கறிஞர் ஈ. ஆர். சி. டேவிதார், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு 1975-இல் மலைமலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். கிடைத்த எண்ணிக்கை இரண்டாயிரத்துச் சொச்சம். இந்த மலைகளுக்கு அவர் செய்த உபகாரம் பெரிது.

* * *

இவ்வளவையும் சொல்லிவிட்டு நம் தீர்ப்பையும் சொன்னோம். "இரட்டைக் குழல் இரண்டும் உயர்ந்த வேலைப்பாடு. மதிப்பும் அதிகம். ரிக்பி நல்லதுதான், ஆனால் பாருங்கள், யாரோ அதன் பின்கட்டையை வெட்டியிருக்கிறார்கள். வெட்டின கட்டையைக் கண்டால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். அதையே கொடுத்துவிடலாம்."

உண்மையாகவே அந்தப் பின்கட்டை ஒன்றேகால் அங்குலம் குட்டை. வெட்டின இடத்தில் அடித்தகட்டை மறுபடியும் திருகி, தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரத்தை அரத்தால் இழைத்திருந்தது நன்றாகத் தெரிந்தது.

அதுவரையில் பேசாமல் இருந்த அம்மையார் கேட்டார்: "யாரோ என்கிறீர்களே தம்பி, யார் என்று நான் சொல்லட்டுமா?"

சொன்னார். அவர் கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறு வருஷம். மாமனார் கொஞ்சம் நிலம் வாங்கி உருளைக்கிழங்கு போட்டிருந்தார். இரவெல்லாம் காட்டுப்பன்றி புகுந்து கிழங்கைத் தோண்டிப் போட்டது. மாமனார் இரட்டைக் குழலைத் தூக்கிப் பார்த்தார். ஆறடி துரைக்கு அளந்தது, ஐந்தடி மூன்றங்குலக் கிளார்க்குக்கு எப்படிப் பொருந்தும்? சுட்டார், குண்டு எங்கோ போயிற்று. தோள் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. ரிக்பியும் நீளந்தான். ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமனார் முற்றத்தில் ரைபிளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார், தச்சர் பென்ஸிலால் கோடு போட்டார், ரம்பத்தை எடுத்தார்.

"வெட்டின துண்டு இரண்டு வருஷம் சமையலறைக் கதவுக்கு ஆப்பாக இருந்தது. அந்த வருஷம் கிழங்கு விற்ற பணத்தில்தான் இவன் அத்தைக்குக் கலியாணம் நடந்தது" என்றார்.

நாம் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அளவெடுத்துச் செய்த ரைபிள்களைப் பற்றிப் பத்து நாள் படித்துவிட்டு வந்திருந்தோம். அந்த வீட்டு மனிதர் ஒருவரை நிற்க வைத்து அளவெடுத்துச் செய்த ரைபிள், மூன்றில் இது ஒன்றுதான். லண்டன் தொழிலாளியின் உளியையும் குன்னூர்த் தச்சரின் ரம்பத்தையும் வேலைப்பாட்டில் ஒப்பிட முடியாது. ஆனால் இருவரும் செய்த காரியம் ஒன்றே. எதிரே நிற்கிறவரின் தோளுக்கு ஏற்ப மரத்தைக் குறைத்தார்கள். கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த நமக்கு, யாருக்காக அளந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஏலக் கடையின் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். பிழையை ஒப்புக்கொண்டு தீர்ப்பை மாற்றினோம்.

ரிக்பி வீட்டில் இருக்கட்டும் என்று ஆயிற்று. மற்ற இரண்டில் எதை அனுப்புவது? வெஸ்ட்லியின் பொறிகளைக் கழற்றித் தனியே இரும்பு அலமாரியில் பூட்டுவது சுலபம். பேரப்பிள்ளைகள் விளையாடுகிற வீட்டுக்கு அது உசிதம். ஹாலண்டுக்கு நல்ல விலையும், அதை எண்ணெயிட்டுப் பேணத் தெரிந்த கைகளும் கிடைக்கும். வருஷம் முடிவதற்குள் நண்பர் அதை லைசென்ஸ் பெற்ற வியாபாரி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார். இலைக்கொடிச் சிற்பத்தைக் கடைசி முறையாக ஒரு தடவை தடவிப் பார்த்ததாகச் சொன்னார். அதில் தவறொன்றும் இல்லை. நல்ல வேலை யார் செய்தாலும் நல்ல வேலையே.

புறப்படும்போது வாசலில் நம்மைச் சற்று நிற்கச் சொன்னார் நண்பர். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஐந்தாறு காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. இப்பொழுதெல்லாம் குன்னூர்த் தெருக்களிலேயே அவை நடமாடுகின்றன. நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது. கூடத்துச் சுவரில் போட்டோவும், உள்ளே பெட்டிகளில் இரண்டு ரைபிள்களும் இருக்க, வெளியே அவை அவசரமின்றி மேய்ந்தன. அவை கடந்து போகும்வரை நாமும் நண்பரும் காத்துக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து அம்மையார், "வாத்தியார் தம்பி, நின்றபடி நிற்காமல் ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றார். திரும்பி உள்ளே போனோம்.